உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு "எச்-இண்டெக்ஸ் 10" என்று வரம்பு வைக்கலாமா?

#1 வரைவுக்குழு

அறிவியல் புலத்தில் உதவிப் பேராசிரியர் விண்ணப்பங்களை முதல் கட்டத்தில் வடிகட்ட ஒரு விதி எழுதியாக வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல், நான்கு துறைக்கும் பொதுவான விதி. இப்போது மேசையில் இருக்கும் வரைவு இது:

"எச்-இண்டெக்ஸ் குறைந்தது 10. மொத்த சைட்டேஷன் குறைந்தது 300. கடைசி ஐந்தாண்டுக் கட்டுரைகள் வெளியான ஜர்னல்களின் சராசரி இம்பேக்ட் ஃபேக்டர் குறைந்தது 3."

புதியவர்களுக்கு: சைட்டேஷன் என்பது ஒரு கட்டுரையை மற்றக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுவது. எச்-இண்டெக்ஸ் ஓர் ஆளின் மேற்கோள்களை வைத்துப் போடும் எண், இம்பேக்ட் ஃபேக்டர் ஜர்னலின் மேற்கோள் சராசரி. எந்தத் தரவுத்தளத்தில் பார்ப்பது என்று வரைவில் இல்லை. விண்ணப்பதாரர் தரும் கூகுள் ஸ்காலர் இணைப்பே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது, எதை வைத்து அடைக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது. "அளவீடே கூடாது" என்ற பதில் குழுவில் எடுபடாது. ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது ஏதோ ஒரு சல்லடை தேவைப்படத்தான் செய்கிறது.

#2 நூலகத்தார்

தரவுத்தளம் எழுதாத விதி விதியே இல்லை. ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எச்-இண்டெக்ஸ் வரும், மூன்றும் அதனதன் கணக்கில் சரியாகவே இருக்கும்.

கூகுள் ஸ்காலர் வலையில் கிடைக்கும் எதையும் எண்ணும். ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்க மலர், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் பி.டி.எஃப் எல்லாமே அதற்குக் கணக்கு. ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு மேற்கோள் தரவுத்தளங்களும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுதிகளை மட்டும் எடுக்கின்றன. அதனால் பெரும்பாலும் ஸ்காலர் எண்தான் பெரியது. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைகள் அதிகம் என்பதால் இடைவெளி இன்னும் கூடும்.

வெப் ஆஃப் சயன்ஸில் இன்னொரு சங்கதி. உங்கள் நிறுவனம் எந்த ஆண்டிலிருந்து, எந்தெந்தப் பிரிவுக்குச் சந்தா கட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்துத் தேடலில் வரும் கட்டுரைகள் மாறும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எடுத்த அறிக்கையும் உங்களுடையதும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அங்கே "கோர் கலெக்ஷன்" எண், "ஆல் டேட்டாபேசஸ்" எண் என்று இரண்டு வேறு காட்டும். எதை எடுத்தீர்கள் என்று எழுதி வைக்க வேண்டும்.

ஸ்காலர் இணைப்பு மட்டும் போதும் என்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தப் பக்கத்தைத் தொகுப்பது அதன் சொந்தக்காரரே. பிறர் கட்டுரையைச் சேர்க்கலாம், கையால் புதுப் பதிவு போடலாம், இரண்டு பதிவை ஒன்றாக்கலாம். பாதிப் பேர் வேண்டுமென்று செய்வதில்லை. தானியங்கிச் சேர்ப்பு ஓடிக்கொண்டே இருக்கும், அதே பெயர்க்காரர் எழுதியதெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அமைப்புகளில் "தானாகச் சேர்க்காதே, மின்னஞ்சலில் கேள்" என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டவர்கள் குறைவு.

#3 எண்கணக்கு

தரவுத்தளம் இருக்கட்டும், முதலில் எண்ணையே பாருங்கள். எச்-இண்டெக்ஸை 2005-இல் கொடுத்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். தலா குறைந்தது எச் மேற்கோள் பெற்ற எச் கட்டுரைகள், அவ்வளவுதான் வரையறை.

ஒரு கற்பனைப் பட்டியல். பத்துக் கட்டுரைகள், மேற்கோள்கள் இறங்குவரிசையில்: 48, 33, 21, 15, 9, 7, 6, 4, 2, 0. வரிசை எண்ணோடு ஒப்பிட்டபடி இறங்குங்கள். ஆறாவதுக்கு 7, ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதுக்கு 6, ஏழுக்குக் குறைந்துவிட்டது. எச் = 6.

இப்போது 48-ஐ 480 ஆக்குங்கள். எச் அதே 6. இதை ஹிர்ஷே ஒரு நல்ல குணமாகத்தான் சொன்னார், ஒரே ஒரு பிரபலக் கட்டுரை ஆளைத் தூக்கிவிடாது என்று. ஆனால் துறையையே திருப்பிய ஒரு கட்டுரையும் கணக்கில் வராது என்பது அதன் மறுபக்கம். அதைச் சரிசெய்ய லியோ எக்ஹே 2006-இல் ஜி-இண்டெக்ஸ் கொண்டுவந்தார்: மேலுள்ள ஜி கட்டுரைகளின் மொத்த மேற்கோள் ஜி-யின் வர்க்கத்துக்குக் குறையக் கூடாது. நம் பட்டியலில் பத்துக் கட்டுரைக்கும் சேர்த்து 145, 10-இன் வர்க்கம் 100, ஆக ஜி = 10. கட்டுரை எண்ணிக்கையைத் தாண்டவும் அனுமதித்தால் (இல்லாத கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டு) 12 வரை போகும், ஏனெனில் 144-ஐ 145 தாண்டுகிறது. எந்த முறையில் போட்டது என்று சொல்லாத ஜி-இண்டெக்ஸை அதனால் ஒப்பிட முடியாது. ஸ்காலரின் ஐ10 மிகச் சுலபம்: பத்துக்குக் குறையாத மேற்கோள் பெற்றவை எத்தனை? இங்கே 4.

உங்கள் வரைவில் இரண்டாவது நிபந்தனை வேலையே செய்யவில்லை, கவனித்தீர்களா? மொத்த மேற்கோள் பொதுவாக எச்-இன் வர்க்கத்தைப் போல 3 முதல் 5 மடங்கு இருக்கும் என்று ஹிர்ஷ் தன் தரவிலேயே காட்டினார். எச் 10 என்றால் 300 முதல் 500. அதாவது முதல் நிபந்தனையைத் தாண்டியவர் பெரும்பாலும் 300-ஐயும் தாண்டிவிடுவார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறீர்கள்.

#4 தேற்றம்

நான்கு துறைக்கும் ஒரே 10 என்பதுதான் இதில் பெரிய கோளாறு. கணிதக் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் சின்னது, வெளிவரவே ஆண்டுக்கணக்கில் ஆகும், மேற்கோள்கள் மெல்ல வந்து நீண்ட காலம் தொடரும். உயிர்வேதியியல் நேர் எதிர். ஹிர்ஷின் 2005 கட்டுரையிலேயே இயற்பியலில் உச்சம் எட்வர்ட் விட்டன், எச் 110. உயிரறிவியலில் சாலமன் ஸ்னைடர், 191. இரண்டு பேருமே துறையின் உச்சிதான். உச்சத்திலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் வாசலில் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

பதவிநிலையையும் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இயற்பியலில் இணைப் பேராசிரியர் நிலைக்கு எச் 12 சுமாராகப் பொருந்தும் என்பது ஹிர்ஷ் சொன்ன கணக்கு. முழுப் பேராசிரியருக்கு 18. நீங்கள் நுழைவுப் பதவிக்கு 10 கேட்கிறீர்கள். முதல் கட்டுரை வெளியான ஆண்டிலிருந்து இன்றுவரை உள்ள ஆண்டுகளால் எச்-ஐ வகுத்தால் வருவதை அவர் "எம்" என்றார்; 20 ஆண்டில் எச் 20, அதாவது எம் சுமார் 1, ஒரு வெற்றிகரமான அறிவியலாளருக்கு அடையாளம் என்றார். முதல் கட்டுரை வந்து ஆறே ஆண்டு ஆன ஒருவரிடம் 10 கேட்பது எம் 1.7 கேட்பதற்குச் சமம்.

எச் குறையவே குறையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வை விட்டே போனவருக்கும் ஏறும். இந்த விதி வயதில் மூத்தவருக்குச் சாதகமாக, மகப்பேறு இடைவெளி எடுத்தவருக்குப் பாதகமாக வேலை செய்யும்.

#5 கரிமவேதி

எல்லாரும் எண்ணைத் திட்டுவது சுலபம். எண் இல்லாத இடத்தில் நம் ஊரில் என்ன வந்து உட்கார்கிறது? சிபாரிசு. "தரமான ஆய்வாளர்" என்று குழு சொன்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எச் 4 ஆளை எச் 14 ஆளுக்கு மேலே வைத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம். எண்ணுக்கு எத்தனை குறை இருந்தாலும் வெளியே இருக்கும் ஆளுக்கு அதுதான் ஒரே பிடி. எடுத்துவிடுங்கள் என்பவர்கள் அந்தப் பிடிக்குப் பதில் என்ன தருவீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

#6 தேற்றம்

கரிமவேதி சார், நியாயமான கேள்வி. எடுக்கச் சொல்லவில்லை, துறைக்கும் ஆய்வு வயதுக்கும் தக்கபடி வையுங்கள் என்கிறேன். வெளிப்படையான கெட்ட விதியும் கெட்ட விதிதான், தகவல் உரிமையில் கேட்டால் கெட்ட விதியை ஒழுங்காகப் பின்பற்றியதாகப் பதில் வரும்.

#7 மூலக்கூறு

மூன்றாவது நிபந்தனையைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றில் அதுதான் மோசம்.

இம்பேக்ட் ஃபேக்டர் ஜர்னலுக்கான எண், கட்டுரைக்கானதே அல்ல. 2024-க்கான எண் எப்படி வருகிறது: 2022, 2023 ஆண்டுகளில் அந்த ஜர்னல் வெளியிட்டவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்கள் மேலே, அதே இரண்டாண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளும் மீளாய்வுக் கட்டுரைகளும் கீழே. தலையங்கம், வாசகர் கடிதம் எல்லாம் கீழே எண்ணப்படாது, ஆனால் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள் மேலே சேர்ந்துவிடும். 120 கட்டுரைக்கு 360 மேற்கோள் என்றால் 3.0. அதே ஜர்னலின் கடிதங்களுக்கு 60 மேற்கோள் வந்திருந்தால் 420-ஐ 120-ஆல் வகுத்து 3.5. உங்கள் "குறைந்தது 3" இந்த மாதிரி விளிம்பில்தான் ஆட்களைத் தள்ளிவிடும்.

சராசரி என்பதால் ஒரே கட்டுரை கூடத் தலைகீழாக்கிவிடும். பாடப்புத்தக உதாரணம் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ. படிகவியலில் எல்லாரும் ஓட்டும் ஷெல்எக்ஸ் நிரல்களைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் அதில் ஒரு கட்டுரை எழுதினார். நிரலைப் பயன்படுத்துபவர்கள் இதை மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே சொல்லியிருந்தார். காட்டினார்கள். ஜர்னலின் எண் 2008-இல் 2.05, 2009-இல் 49.9. அந்தக் கட்டுரை இரண்டாண்டுக் கணக்கைவிட்டு வெளியேறியதும் பழையபடி 2-க்கு அருகே இறங்கிவிட்டது. 2009-ஆம் ஆண்டு எண்ணை வைத்து அந்த ஜர்னலில் எழுதிய மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தால்?

ஜர்னல் எண்ணைத் தனி ஆளின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் 2013-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனத்தின் (டோரா) முதல் பரிந்துரை. நம்முடைய யு.ஜி.சி 2018 விதிமுறையோ கட்டுரைக்குக் கட்டுரை இம்பேக்ட் ஃபேக்டர் பார்த்தே புள்ளி போடுகிறது: எண் இல்லாத இதழுக்கு 5, 1-க்குக் கீழ் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. "தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல்படி" என்று வேறு. அந்த வணிகம் 2016-லேயே கிளாரிவேட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது, விதியை எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

#8 நூலகத்தார்

தமிழ்ப் பெயர்களில் வரும் சிக்கலையும் இங்கே எழுதியாக வேண்டும். சல்லடையில் தகுதியுள்ளவர் விழுவதற்கு இதுவே பெருங்காரணம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். சுப்பிரமணியன் மகன் கார்த்திகேயன் என்று வையுங்கள். ஒரு கட்டுரையில் எஸ். கார்த்திகேயன், இன்னொன்றில் கார்த்திகேயன் எஸ்., கடவுச்சீட்டுப்படி எழுதியதில் கார்த்திகேயன் சுப்பிரமணியன், பதிப்பகத்தின் படிவத்தில் "கடைசிப் பெயர்" கட்டாயம் என்பதால் அங்கே வெறும் "எஸ்". அந்தக் கட்டுரை மேற்கோள் பட்டியல்களில் "எஸ், கே." என்ற ஆளின் பெயரில் போய் நிற்கும். ஸ்கோப்பஸ் இவரை மூன்று நான்கு ஆளாக உடைத்துவிடும். 12 எச் உள்ளவர் 7, 5, 3 என்று சிதறிக் கிடப்பார். மறுபக்கம், எஸ். குமார் போன்ற பெயர் என்றால் பத்துப் பேரின் கட்டுரைகள் ஒரே பக்கத்தில் குவிந்து யாரோ ஒருவர் மேதையாகத் தெரிவார்.

விண்ணப்பதாரர் செய்ய வேண்டியது. ஸ்கோப்பஸில் ஆசிரியர் தேடலில் தன் பெயரின் எல்லா வடிவத்தையும், படித்த வேலை பார்த்த எல்லா நிறுவனத்தையும் போட்டுத் தேட வேண்டும். தன்னுடையவை என்று தெரியும் பக்கங்களைத் தேர்ந்து "மெர்ஜ்" கோரிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்திலேயே தன்னுடையதல்லாத கட்டுரைகளை நீக்கவும் விடுபட்டவற்றைச் சேர்க்கவும் வழி உண்டு. திருத்தம் உடனே ஏறாது என்பதால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு முதல் நாள் செய்தால் பலனில்லை. பிறகு ஆர்க்கிட் எண்ணோடு (ஆய்வாளருக்கான அடையாள எண்) இணைக்க வேண்டும். ஆர்க்கிட் 2012-இல் வந்தது, இலவசம், 16 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அது எக்ஸ் எழுத்தாக இருக்கும், பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ஆர்க்கிட் மேற்கோளை எண்ணாது. யார் எழுதியது என்ற தகராறை மட்டும் தீர்க்கும்.

இனிமேல் எழுதப்போகும் கட்டுரைகளுக்கு ஒரே வழி, ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை அதையே போடுவது. தந்தை பெயரை விரித்து எழுதுவதுதான் தரவுத்தளங்களில் குறைவாகச் சிதைகிறது.

#9 எண்கணக்கு

அடுத்தது, விதி வெளியானதும் என்ன நடக்கும் என்பது. #3-இல் போட்ட பட்டியலையே எடுங்கள். ஏழாவது கட்டுரைக்கு 6 மேற்கோள். அதற்கு ஒரே ஒரு மேற்கோள் கூடினால் எச் 7. புதுக் கட்டுரையில் தன் பழைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டால் போதும். அடுத்து 8-க்குப் போக ஆறாவதுக்கு 1, ஏழாவதுக்கு 1, எட்டாவதுக்கு 4, மொத்தம் 6 மேற்கோள். 48 உள்ளதற்கு ஒன்றும் வேண்டாம். விளிம்பில் நிற்கும் கட்டுரையாகப் பார்த்துச் சுயமேற்கோள் போடுவதுதான் எச்-ஐ ஏற்றக் குறைந்த செலவு வழி. ஒருவரின் சுயமேற்கோள்கள் உச்சிக் கட்டுரையை விட்டுவிட்டு வரிசையின் நடுவில் குவிந்திருந்தால் சந்தேகப்பட இடமுண்டு.

இத்தாலியில் இது நாட்டளவில் நடந்தது. 2010 சட்டத்தின்படி பேராசிரியர் தகுதிக்கு மேற்கோள் வரம்புகளை வைத்தார்கள். அதன்பின் இத்தாலியக் கட்டுரைகள் இத்தாலியக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டும் விகிதம் மற்ற பெரிய நாடுகளைவிட வேகமாக ஏறியதை பச்சினி, தெ நிகொலாவ், பெத்ரோவிச் மூவரும் 2019-இல் பிளாஸ் ஒன் இதழில் காட்டினார்கள். தன்னைத் தானே காட்டினால் பிடித்துவிடலாம். நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்றால் "சுயமேற்கோள் நீக்கு" பொத்தான் பிடிக்காது.

ஸ்காலரை ஏமாற்றுவது இன்னும் மலிவு. 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கணினி நிரல் உளறிய போலிக் கட்டுரைகளை வைத்து "ஐக் அன்ட்காரே" என்ற இல்லாத விஞ்ஞானிக்கு எச் 94 வரவழைத்தார். ஸ்பெயினில் ஒரு குழு ஆறு போலி ஆவணங்களை, ஒவ்வொன்றிலும் தங்கள் குழுவின் 129 கட்டுரைகளைக் குறிப்பிட்டு, பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றியது: 774 மேற்கோள் கூடியது. 2024-இல் இதே மாதிரி போலிக் கட்டுரைகளால் லாரி என்ற பூனைக்கு எச் 11 கிடைத்தது. உங்கள் வரைவுப்படி அந்தப் பூனை முதல் நிபந்தனையில் தேறிவிடும்.

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை. சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் கட்டுரைகள் வழியாகக் கல்லூரியின் சொந்த மேற்கோள்கள் பெருக்கப்பட்டதை 2023-இல் சயன்ஸ் இதழும், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தளமும் எழுதின. அவையெல்லாம் முறையாகப் பட்டியலிடப்பட்ட இதழ்களில் வந்தவை.

#10 கரிமவேதி

"உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானிகள்" பட்டியலில் இருப்பவரை நேராக உள்ளே விட்டால் என்ன? அதில் சுயமேற்கோளும் நீக்கித்தானே தருகிறார்கள்?

#11 எண்கணக்கு

ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஐயனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்துச் செய்வது அது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல, எக்செல் கோப்பு. நம் ஊர்ப் பத்திரிகைச் செய்திகளில் இரண்டு விஷயம் விடுபட்டுவிடும்.

ஒன்று, பட்டியல் இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டில் பெற்ற மேற்கோளுக்கு மட்டும் ஒன்று. பிளெக்ஸ் பேனரில் ஏறுவது பெரும்பாலும் இரண்டாவது. கோப்பின் பெயரில் "கரியர்" என்றிருக்கிறதா "சிங்கிள் இயர்" என்றிருக்கிறதா பாருங்கள்.

இரண்டு, அது மொத்த மேற்கோளை மட்டும் பார்ப்பதில்லை. ஆறு அளவுகளின் கூட்டு: மொத்த மேற்கோள், எச், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்குத் தக்கத் திருத்திய எச், பிறகு தனியாக எழுதியவை, தனியாகவோ முதல் ஆசிரியராகவோ எழுதியவை, தனி-முதல்-கடைசி ஆசிரியராக எழுதியவை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மேற்கோள். இந்த யோசனை நல்லது. ஆனால் ஐந்தாறு வருட ஆய்வு வயதுள்ளவருக்கு இந்தப் பட்டியலே பொருந்தாது. சுயமேற்கோள் விகிதம் என்ற பத்தி ஒன்று அதில் உண்டு, உபயோகப்படுத்துவதென்றால் அதைத்தான் உபயோகப்படுத்த வேண்டும். 2019-இல் நேச்சர் எழுதியபோது நடுவிகிதம் 12.7 விழுக்காடு, குறைந்தது 250 பேருக்குப் பாதிக்கு மேற்பட்ட மேற்கோள்கள் தாங்களோ தங்கள் இணை ஆசிரியர்களோ கொடுத்தவை.

#12 வரைவுக்குழு

நன்றி. அப்படியானால் எச்-ஐ விட்டுவிட்டு துறைக்கேற்பத் திருத்திய எண், ஸ்கோப்பஸின் எஃப்.டபிள்யூ.சி.ஐ, அதை வைத்துக்கொள்ளலாமா? "சராசரி 1-க்குக் குறையாமல்" என்று?

#13 எண்கணக்கு

எச்-ஐவிட மேல். ஒரு கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளை, அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுப்பது. 1 என்றால் சராசரி. கணிதத்துக்கும் உயிர்வேதியியலுக்கும் இடையே உள்ள தகராறு பெருமளவு அடங்கும்.

ஆனால் தனி ஆளுக்குச் சராசரி போட்டால் பழைய நோய் திரும்பிவிடும். ஐந்து கட்டுரை: 0, 0.3, 0.4, 0.6, 12.7. சராசரி 2.8. "உலகச் சராசரியைவிட 180 விழுக்காடு மேல்" என்று விண்ணப்பத்தில் எழுதலாம், பொய்யில்லை. ஐந்தில் நான்கு சராசரிக்கும் கீழே. அந்த 12.7 ஐம்பது பேர் எழுதிய மீளாய்வாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சராசரிக்குப் பதில் நடுமதிப்பு (இங்கே 0.4), அல்லது துறையில் மேல் 10 விழுக்காட்டில் எத்தனை கட்டுரை என்ற கணக்கு, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கான லைடன் தரவரிசை பின்னதைத்தான் வைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் வந்த கட்டுரைக்கு இந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு மேற்கோள் கூடினால் 0.5-இலிருந்து 1.5-க்குத் தாவும்.

காசில்லாமல் பார்க்க: உயிர்வேதியியலுக்கு அமெரிக்க என்.ஐ.ஹெச்சின் (தேசிய சுகாதார நிறுவனம்) ஐசைட் தளத்தில் ஆர்.சி.ஆர் என்ற இதே வகை எண் உண்டு. பப்மெட் என்ற மருத்துவ, உயிரறிவியல் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைக்கு மட்டும் கிடைக்கும், 1.0 என்பது என்.ஐ.ஹெச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுநிலை, உலகச் சராசரி அல்ல, ஆகவே 0.8 மோசம் என்று எண்ண வேண்டாம். எல்லாத் துறைக்கும் ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளம். 2022 தொடக்கத்தில் வந்தது, கட்டுரைப் பதிவிலேயே எஃப்.டபிள்யூ.சி.ஐ காட்டுகிறது. ஆசிரியரைப் பிரித்தறிவதில் அது இன்னும் தடுமாறுகிறது, நூலகத்தார் சொன்ன கார்த்திகேயன் பிரச்சினை அங்கே இரட்டிப்பு. எனவே ஆளின் பெயரால் தேடாமல் டி.ஓ.ஐ (கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) கொடுத்துக் கட்டுரை கட்டுரையாக எடுங்கள்.

#14 கல்வெட்டு

அறிவியல் புலத்துக்கு என்று சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை: இதே விதியைக் கலைப் புலத்துக்கு அப்படியே நகல் எடுத்துவிடாதீர்கள். தமிழில் எழுதும் வரலாற்று, இலக்கிய ஆய்வுகளுக்கு மேற்கோள் கிடைப்பது நூல்களில், நூல்களின் அடிக்குறிப்புகளில். அதை எந்தத் தரவுத்தளமும் எண்ணுவதில்லை. அங்கே எச் 0 என்றால் ஆய்வு இல்லை என்று பொருளாகாது.

#15 மூலக்கூறு

ஆசிரியர் எண்ணிக்கையையும் விதியில் எங்காவது கொண்டுவர வேண்டும். ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ் இரண்டு குழுவும் 2015-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். ஒவ்வொருவரின் கணக்கிலும் அதன் மேற்கோள்கள் முழுசாக ஏறும். இயற்பியல் துறைக்கு அப்படிப்பட்ட குழுவிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தால், மேசைச் சோதனை செய்யும் திடநிலை இயற்பியல்காரர்கள் எல்லாரும் அடிபட்டுப் போவார்கள்.

யு.ஜி.சி விதியில் இதற்கு ஒரு வகை செய்திருக்கிறார்கள்: இருவர் என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு, அதற்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கு அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. ஆறு பேர் எழுதினால் மொத்தம் 220 விழுக்காடு பங்கு கொடுத்தாகிவிட்டது, கணக்கு இடிக்கிறது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது தேவலை. அன்-வில் ஹார்சிங்கின் பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற இலவச நிரல் ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு அதன்மேல் எச் போட்டுத் தருகிறது. சும்மா எச்-ஐயும் அதையும் அருகருகே வைத்தாலே யார் பெரிய குழுவில் பெயர் சேர்த்தவர் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

#16 நூலகத்தார்

இவ்வளவையும் வைத்து மாற்று வரைவு ஒன்று. குழுவில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

"விண்ணப்பதாரர் தன் ஆய்வில் முக்கியமெனக் கருதும் ஐந்து கட்டுரைகளை டி.ஓ.ஐ எண்ணுடன் தர வேண்டும். ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன, கட்டுரை எதைப் புதிதாக நிறுவியது என்று 100 சொற்களுக்குள் எழுத வேண்டும். ஆர்க்கிட் எண்ணும் ஸ்கோப்பஸ் ஆசிரியர் எண்ணும் கட்டாயம். மேற்கோள் விவரங்களை விண்ணப்பதாரர் தர வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகமே எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒரே வாரத்தில், ஒரே தரவுத்தளத்தில் எடுக்கும். எடுக்கப்படுபவை: முதல் கட்டுரை வெளியான ஆண்டு, எச்-இண்டெக்ஸ் (சுயமேற்கோளுடனும் இன்றியும்), துறைக்கேற்பத் திருத்திய மேற்கோள் விகிதத்தின் நடுமதிப்பு, முதல் அல்லது தொடர்பு ஆசிரியராக எழுதியவற்றின் எண்ணிக்கை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள். ஜர்னலின் இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கில் கொள்ளப்படாது. ஒவ்வொரு துறைக்கும் அத்துறை விண்ணப்பதாரர்களுக்குள்ளேயே வரிசை பார்க்கப்படும்."

ஐந்து கட்டுரை என்பது புதிதல்ல. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி 2010-லேயே விண்ணப்பங்களில் இப்படி உச்சவரம்பு வைத்தது. திரும்பப் பெறப்பட்டவற்றைச் சேர்த்ததற்குக் காரணம், மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப் 2025-இலேயே அதற்கு மதிப்பெண் கழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் தனி ஆளுக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. தன் பிழையைத் தானே கண்டு திரும்பப் பெற்றவரும் உண்டு, அறிவிப்பைப் படித்தால் காரணம் தெரியும்.

சுயமேற்கோள் நீக்குவது ஸ்கோப்பஸில்: ஆசிரியர் பக்கத்தில் எல்லாக் கட்டுரையையும் தேர்ந்து "சைட்டேஷன் ஓவர்வியூ" திறந்தால் "இந்த ஆசிரியரின் சுயமேற்கோள் நீக்கு", "எல்லா ஆசிரியரின் சுயமேற்கோள் நீக்கு" என்று இரண்டு பெட்டி இருக்கும். இரண்டாவது கடுமையானது, இணை ஆசிரியர்கள் காட்டியதும் போய்விடும். எல்லாருக்கும் ஒன்றையே போடுங்கள். வெப் ஆஃப் சயன்ஸ் அறிக்கையில் "சுயமேற்கோளின்றி" என்று மேற்கோள் எண்ணிக்கை வரும், ஆனால் பக்கத்தில் தெரியும் எச் சுயமேற்கோளையும் சேர்த்துப் போட்டது. இரண்டையும் ஒரே வரியில் எழுதி விடுவது வழக்கமாக நடக்கும் பிழை.

#17 கரிமவேதி

இதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நூலகம் எடுத்த எண்களை அந்தந்த விண்ணப்பதாரருக்கு அனுப்பி மறுப்பு சொல்ல ஏழு நாள் கொடுங்கள். உடைந்த பெயர்ப் பக்கங்கள் அங்கே பிடிபடும், நான் சொன்ன "வெளியே இருப்பவருக்குப் பிடி" என்பதும் கிடைக்கும்.

#18 தேற்றம்

கணிதத்துக்கு இன்னொரு சின்னத் திருத்தம். எங்களிடம் ஆசிரியர் பெயர் அகரவரிசைதான், முதல் ஆசிரியர் என்பதற்குப் பொருள் கிடையாது. "முதல் அல்லது தொடர்பு ஆசிரியர்" வரியை அத்துறைக்கு நீக்கிவிட்டு ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். துகள் இயற்பியல் பெருங்குழுக்களுக்கும் இதே கதைதான்.

#19 வரைவுக்குழு

இரண்டு திருத்தத்தையும் சேர்த்துக் குழுவுக்கு அனுப்புகிறேன். நூலகத்தார் மேடம், ஒரு துறைக்கு நூறு விண்ணப்பம் என்றால் இதை எடுக்க எத்தனை பேர் வேண்டும்?

#20 நூலகத்தார்

பெயர்ச் சிக்கல் இல்லாத விண்ணப்பம் கால் மணி நேரத்தில் முடியும். சிக்கல் உள்ளது ஒரு மணி நேரம் தின்னும். நூறில் முப்பது சிக்கல் என்று வைத்தால் சுமார் 48 மணி நேர வேலை, இரண்டு பேர் நான்கு நாள். ஸ்கோப்பஸ் ஆசிரியர் எண்ணைக் கட்டாயமாக்கினால்தான் இந்தக் கணக்கு. இல்லையென்றால் பாதி நேரம் ஆளைத் தேடுவதிலேயே போகும். எடுத்த அன்றே சி.எஸ்.வி கோப்பாக இறக்கி, தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வையுங்கள். பிறகு யாராவது கேட்டால் திரையில் அன்றைய எண்தான் இருக்கும், எடுத்த நாளின் எண் இருக்காது.